காவலுக்கும் கோயிலுக்கும் துப்பாக்கி எடுத்துப் போகலாமா?

கேள்வி: ‘‘வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு 3 ஏக்கர் தோட்டம் இருக்கிறது. எலுமிச்சையும் மக்காச்சோளமும் போட்டிருக்கிறோம். காட்டுப்பன்றித் தொல்லையால் ராத்திரி காவலுக்குப் படுக்கிறேன். கரடி நடமாட்டமும் உண்டு. ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய், ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவது எங்கள் வழக்கம். அப்பா பெயரில் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கிய பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி வீட்டுப் பரணில் இருக்கிறது. அப்பா இறந்து ஏழு மாதம் ஆகிறது. ‘காட்டுப் பக்கம் வெறுங்கையோட போகாதய்யா, அதை எடுத்துக்கிட்டுப் போ’ என்று அம்மா சொல்கிறார். தோட்டத்துக்கும் கோயிலுக்கும் அதை எடுத்துப் போகலாமா? என் பெயருக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும்?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சங்கரன்கோவில் வட்டம்.

பதில்: தோட்டத்துக்கும் எடுத்துப் போகக் கூடாது, கோயிலுக்கும் எடுத்துப் போகக் கூடாது. அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இந்தக் கடிதத்தில் இருக்கிறது. அந்தத் துப்பாக்கி இப்போது வீட்டில் இருப்பதே தவறு. முதலில் அதைச் சரி செய்துவிட்டு, மற்ற கேள்விகளுக்கு வருவோம்.

உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல

நிலம், வீடு, மாடு எல்லாம் அப்பாவுக்குப் பிறகு வாரிசுக்கு வந்துவிடும். துப்பாக்கி அப்படி வராது. ஆயுதச் சட்டம் 1959-ன்படி உரிமம் என்பது ஒரு தனிநபருக்குக் கொடுக்கப்படுவது. அவர் இறந்த அன்றோடு அது முடிந்துவிடுகிறது. அதன்பின் அந்தத் துப்பாக்கியை யார் வைத்திருந்தாலும், அது உரிமம் இல்லாத துப்பாக்கி. பரணில் சாக்குச் சுற்றி வைத்திருந்தாலும், ஒருநாளும் வெளியே எடுக்காவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான்.

2019-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தி, தண்டனையைக் கூட்டினார்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அதோடு அபராதமும் உண்டு. ‘அப்பா காலத்துத் துப்பாக்கிதானே’ என்று சும்மா இருந்த குடும்பத்துக்கும் இந்தப் பிரிவு பொருந்தும்.

செய்ய வேண்டியது எளிது. சட்டத்தின் 21-வது பிரிவு, வைத்திருக்கும் உரிமை முடிந்த ஆயுதத்தைத் தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஒப்படைத்தால் துப்பாக்கி கைவிட்டுப் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். உடனே அப்படிப் போய்விடாது. விதிகளில் சொன்ன காலத்துக்குள் வாரிசு தன் பெயரில் உரிமம் வாங்கிவிட்டால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். வேண்டாம் என்றால், உரிமம் உள்ளவருக்கு முறைப்படி விற்கவும் சம்மதம் கொடுக்கலாம். அந்தக் காலத்தைத் தாண்டவிட்டால்தான் பறிமுதல்.

கொண்டுபோகும் முறையிலும் கவனம் வேண்டும். திடீரென்று துப்பாக்கியைப் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பக் கூடாது. முதலில் அப்பாவின் இறப்புச் சான்றிதழ், உரிமப் புத்தகம், ஆதார் அட்டை ஆகியவற்றின் நகலோடு காவல் நிலையத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எப்போது, எப்படிக் கொண்டுவருவது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுச் செய்வது நல்லது. மருந்து கெட்டித்த நிலையில் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், தொடவே வேண்டாம். அதையும் சொல்லிவிட வேண்டும். மீதமிருக்கும் கரிமருந்து, ரவை, கேப் எல்லாவற்றையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. தேர்தல் வந்தால் அப்பா துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கி வந்திருப்பார். அதே பழக்கம்தான்.

ஏழு மாதம் தாமதமாகிவிட்டதே என்ற தயக்கம் இருந்தால், அதற்காக இன்னும் தள்ளிப்போட வேண்டாம். தானாகக் கொண்டுபோய் ஒப்படைப்பவர் நிலைமை வேறு, சோதனையில் பிடிபடுபவர் நிலைமை வேறு. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள், நீதிமன்ற வளாகத்தில் செயல்படும் வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் இலவச ஆலோசனை கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பயிர்ப் பாதுகாப்பு உரிமம் எதற்கு?

அப்பா வைத்திருந்த உரிமம் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. குழல் வாய் வழியாகக் கரிமருந்தும் ரவையும் போட்டு இடித்துச் சுடும் ஒற்றைக்குழல் துப்பாக்கிகளை, பயிர்ப் பாதுகாப்புக்காக விவசாயிகளுக்குக் கொடுக்க ஆயுதச் சட்டத்தில் தனி இடம் இருக்கிறது. நிலம் சாகுபடியில் இருக்க வேண்டும், உண்மையான தேவை இருக்க வேண்டும். உரிமத்தில் எந்த ஊர், எந்த எல்லை என்று எழுதியிருக்கும். அந்த எல்லைக்குள்தான் அது செல்லும். தோட்டத்துக்கு வாங்கிய உரிமத்தை வைத்துக்கொண்டு பக்கத்து ஊருக்கோ, கோயிலுக்கோ எடுத்துப் போக முடியாது. அப்பா உயிரோடு இருந்திருந்தாலும் காரையாறுக்கு எடுத்துப் போயிருக்கக் கூடாது.

இன்னொரு விஷயத்தில் பலர் ஏமாந்து போகிறார்கள். பயிர்ப் பாதுகாப்பு உரிமம் இருந்தால் தோட்டத்தில் இறங்கும் விலங்கைச் சுடலாம் என்று நினைக்கிறார்கள். அது துப்பாக்கியை வைத்திருக்க அனுமதி, விலங்கைச் சுட அனுமதி அல்ல. விலங்குகளுக்கு வேறு சட்டம்: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972. யானை, சிறுத்தை, கரடி, மயில் எல்லாம் அதன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. இவற்றை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதையும் அதிகாரியின் எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் விவசாயி சுட முடியாது.

‘குடகுல யார் வேணும்னாலும் லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வைக்கலாமாமே’ என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் குடவர் இனத்தாருக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஒரு விலக்கு இருக்கிறது. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. அது அவர்களுக்கு மட்டுமான ஏற்பாடு. தென்காசி மாவட்டத்தில் யாருக்கும் அது பொருந்தாது.

கோயிலுக்குப் போகும் வழியில் என்ன சட்டம்?

சொரிமுத்து அய்யனார் கோயில் பாபநாசத்துக்கு மேலே, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1988-ல் அமைந்த இது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஆடி அமாவாசைக்குத் தென்மாவட்டக் குடும்பங்கள் அரிசி, பருப்பு, பாத்திரத்தோடு வந்து தாமிரபரணிக் கரையில் தங்குவது தலைமுறை வழக்கம். முன்பு பல நாட்கள் தங்குவார்கள். இப்போது சில நாட்களுக்குத்தான் அனுமதி, அதுவும் வனத்துறை, மாவட்ட நிர்வாகக் கட்டுப்பாடுகளோடு.

வன உயிரினச் சட்டத்தின் 31-வது பிரிவு, தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவரால் அதிகாரம் பெற்றவரின் முன்கூட்டிய எழுத்து அனுமதி இல்லாமல் யாரும் எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது. உரிமம் உள்ள துப்பாக்கியானாலும் இதுதான் நிலை. இந்தச் சட்டத்தில் ஆயுதம் என்பது துப்பாக்கி மட்டும் அல்ல. கத்தி, வலை, தூண்டில் முள், கண்ணி, வெடி, விஷம், வில் அம்பு எல்லாம் அந்தச் சொல்லுக்குள் வருகின்றன. ஆகவே பையன்கள் ஆற்றில் மீன்பிடிக்க ஆசைப்பட்டுத் தூண்டிலை மறைத்து எடுத்துப் போவதும், ‘விலங்கு வந்தால் விரட்ட’ என்று வெடிக்கட்டை மடியில் கட்டிப் போவதும் குற்றம். காய் நறுக்கும் கத்தியைக்கூடச் சோதனைச் சாவடியில் காட்டி, கேட்டுவிட்டு எடுத்துப் போவதுதான் சரி.

இதில் அம்மாவிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. உயிருக்கு ஆபத்து வரும்போது தன்னையோ மற்றவரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு விலங்கைக் காயப்படுத்தினாலோ, கொன்றாலோ அது குற்றமல்ல என்று அதே சட்டத்தின் 11-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அவர் இந்தச் சட்டத்தை மீறிய நிலையில் இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வெறுங்கையோடு போனவர் கம்பால் கரடியை அடித்து உயிர் தப்பினால் சட்டம் அவர் பக்கம். அனுமதியில்லாத துப்பாக்கியோடு போனவர் அதே கரடியைச் சுட்டால், தற்காப்பு என்று சொல்லிக்கொள்ளும் வழியும் அடைபட்டுவிடும்.

சட்டத்தை விடுங்கள், துப்பாக்கி உதவுமா?

சட்டம் என்ன சொன்னாலும் உயிர்தானே முக்கியம் என்று ஒரு தாய் கேட்பது நியாயம். ஆகவே அதையும் பார்ப்போம்.

மலையடிவாரத்தில் மனிதரை அதிகம் தாக்குவது கரடி. 2022 நவம்பரில் கடையம் அருகே ஒரு கரடி தாக்கி மூன்று பேர் படுகாயம் அடைந்ததும், மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்ட அந்தக் கரடி பிறகு செத்துப்போனதும் இந்தப் பக்கத்தில் பலருக்கு நினைவிருக்கும். கரடிக்குப் பார்வையும் கேட்கும் சக்தியும் மந்தம், மோப்பம்தான் கூர்மை. மண்ணைத் தோண்டிக் கறையானையோ, உதிர்ந்த பழத்தையோ தின்றுகொண்டிருக்கும்போது ஆள் பக்கத்தில் வந்ததே அதற்குத் தெரியாது. திடீரென்று பார்த்ததும் பயத்தில் பாய்ந்துவிடும். பத்துப் பதினைந்து அடி தூரத்தில் இருட்டில் நடக்கும் விஷயம் இது. தோளில் தொங்கும் துப்பாக்கியை எடுத்து, நிமிர்த்தி, குறி பார்க்க நேரம் கிடைக்காது. ஒற்றைக்குழல் துப்பாக்கியில் ஒரே ஒரு குண்டு. குறி தவறினால் மறுபடியும் மருந்து போட்டு இடிக்க வேண்டும். காயம்பட்ட கரடியோ பன்றியோ எவ்வளவு மூர்க்கமாக வரும் என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டில் இதைக் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஆற்றில் படகு ஓட்டப் போகிறவர்களும் காட்டில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களும் துப்பாக்கி எடுத்துப் போவது சகஜம். அங்கே கரடியை எதிர்கொண்டவர்கள் துப்பாக்கி வைத்திருந்த 269 சம்பவங்களை ஆராய்ந்து 2012-ல் ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயம்பட்டதில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அதன் முடிவு. அதே ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை, மிளகாய்க் காரம் கலந்த கரடி விரட்டும் ஸ்பிரே வைத்திருந்தவர்களைப் பற்றியது. அருகில் வந்த கரடியிடம் அவர்களில் 98 சதவிகிதம் பேர் காயமில்லாமல் தப்பியிருக்கிறார்கள். அலாஸ்கா கரடி வேறு, நம் ஊர்க் கரடி வேறு. ஆனால் நல்ல ரைஃபிளும் பயிற்சியும் உள்ளவர்களுக்கே துப்பாக்கி அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இருட்டில் சோளத்தட்டை அசைந்ததும் பன்றி என்று நினைத்துச் சுட்டு, அங்கே நின்றது மனிதர் என்று பிறகு தெரிந்த வழக்குகள் தமிழ்நாட்டு மலையடிவார மாவட்டங்களில் நடந்திருக்கின்றன. பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அதே நேரத்தில் காவலுக்குப் படுத்திருப்பார், தண்ணீர் பாய்ச்ச வருவார், ஒதுங்கப் போவார். ஆடி அமாவாசைக் கூட்டத்திலோ குடிலுக்குக் குடில் ஓடி விளையாடும் குழந்தைகள். அங்கே ஒரு துப்பாக்கி இருப்பது எல்லோருக்கும் ஆபத்து.

ராத்திரியில் எதற்குப் பயப்பட வேண்டும்?

தோட்டத்தில் படுக்கிறவர் பன்றிக்கும் கரடிக்கும் பயப்படுகிறார். அவர் முதலில் பயப்பட வேண்டியது காலடியில் இருக்கும் பாம்புக்கு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்ததாக ஆய்வு சொல்கிறது. பெரும்பாலும் கிராமத்து மக்கள்தான். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக் கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்ததும் இதனால்தான்.

கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். கடிவாயில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிறு வலிக்கும், கண் இமை தூக்க முடியாமல் சரியும், பேச்சு குழறும். ‘ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை’ என்று இருந்துவிட்டால் உயிர் போய்விடும். காவலுக்குப் படுக்கிறவருக்கு இந்த அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும், வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடித்தால் கயிறு போட்டு இறுக்கிக் கட்டக் கூடாது. கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. மோதிரம், அரைஞாண், கொலுசு போன்றவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் கம்பு வைத்துக் கட்டி, 108-ஐ அழைத்து விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பைத் தேடி அடிக்க நேரத்தை வீணாக்க வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். சங்கன், பதுமன் என்ற இரு நாகர்கள் வழிபட்ட ஊர் சங்கரன்கோவில். கோமதி அம்மன் சந்நிதிப் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்வது அவரவர் நம்பிக்கை. இட்டுக்கொண்டே போகட்டும், ஆனால் வண்டி நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆற்றங்கரையில் தங்கும்போது பெரிய ஆபத்து தண்ணீர். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துப் போனதை இந்த வட்டாரம் மறக்காது. தண்ணீரின் நிறம் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அதிகமாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே குழந்தைகளை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். குடிலை ஆற்று மணலில் போடாமல், அனுமதித்த இடத்தில் மேடாகப் பார்த்துப் போட வேண்டும். நீச்சல் தெரிந்தவர் ஒருவர் கரையில் நிற்காமல் பிள்ளைகளைக் குளிக்க விடக் கூடாது.

கையில் என்ன எடுத்துப் போகலாம்?

‘வெறுங்கையோட போகாதே’ என்று அம்மா சொல்வது சரியான பேச்சு. துப்பாக்கிக்குப் பதில் வேறு பொருட்கள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலாவது, கால் மூடும் பூட்ஸ். சொரிமுத்து அய்யனார் கோயில் வளாகத்தில் பட்டவராயருக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவார்கள். காட்டைக் காவல் காக்கும் சாமிக்கே காலுக்குச் செருப்பு வேண்டியிருக்கிறது. தோட்டத்துக்குப் போகிறவர் வெறுங்காலோடு போகலாமா? முழங்கால் அளவு கம் பூட்ஸ் இருந்தால் வரப்பில் மிதிபடும் விரியனிடமிருந்து பெரும்பாலும் தப்பலாம்.

இரண்டாவது, வெளிச்சம். கையில் ஒரு டார்ச் லைட், தலையில் கட்டும் லைட் ஒன்று. இரண்டையும் பகலிலேயே சார்ஜ் போட்டுவிட வேண்டும். செல்போன் வெளிச்சத்தை நம்பி வரப்பில் நடக்கக் கூடாது.

மூன்றாவது, உயரமான கட்டிலும் கொசுவலையும். தரையில் சாக்கு விரித்துப் படுக்கவே கூடாது. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட்டால் கட்டுவிரியன் உள்ளே வராது. பரண் அமைத்தால் இன்னும் நல்லது. பரணுக்கு அடியில் நெல், தீவனம், எச்சில் சோறு போட்டு வைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

நான்காவது, சத்தம். நீளமான கம்பு, விசில், தகர டப்பா. கரடி இருக்கும் பக்கத்தில் நடக்கும்போது பேசிக்கொண்டே, கம்பைத் தட்டிக்கொண்டே போனால் அது முன்கூட்டியே விலகிவிடும். அதிகாலையிலும் கருக்கலிலும் தனியாகப் போகக் கூடாது. கரடியைப் பார்த்துவிட்டால் ஓடாமல், முகத்தைத் திருப்பாமல், மெதுவாகப் பின்வாங்க வேண்டும். நாயைக் கூட்டிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: கரடியைக் குரைத்துவிட்டு அது எஜமானிடமே ஓடிவரும், பின்னாலேயே கரடியும் வரும். பன்றி வந்தால் அதன் ஓட்ட வழியை மறித்து நிற்காமல் திண்டிலோ, டிராக்டர் மேலோ ஏறிக்கொள்ள வேண்டும். யானை வந்தால் விரட்டுவது காவலாளியின் வேலை அல்ல. விளக்கை அணைத்துவிட்டு விலகி, வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, துணை. நான்கு தோட்டக்காரர்கள் சேர்ந்து முறை வைத்துக் காவல் இருந்தால், ஒருவருக்கு ஒன்று ஆனால் இன்னொருவர் இருப்பார். வனச்சரக அலுவலக எண்ணும் பக்கத்துத் தோட்டக்காரர் எண்ணும் போனில் இருக்க வேண்டும்.

பன்றியால் போகும் சோளத்துக்கு என்ன வழி?

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி பற்றி ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலத்தில் பன்றியைச் சுடவோ பிடிக்கவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால், முறையான உத்தரவோடு வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம். விவசாயி சுட அனுமதி இல்லை. ஆகவே தன் தோட்டம் காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொண்டு, கிராம நிர்வாக அலுவலர் மூலமும் வனவர் மூலமும் மனுக் கொடுக்க வேண்டும். ஒருவர் கொடுப்பதைவிட ஊரே சேர்ந்து கொடுப்பது பலன் தரும். சேதமான பயிரைப் போட்டோ எடுத்து வனத்துறையிடம் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவும் மறக்கக் கூடாது.

வேலிக்குச் சூரிய சக்தி மின்வேலி போடலாம். அதிர்ச்சி கொடுத்து விரட்டும், உயிரைப் பறிக்காது. 2023-ல் வந்த விதிகளின்படி அதைப் பதிவு செய்ய வேண்டும், தர நிர்ணயத்துக்கு உட்பட்ட கருவியாக இருக்க வேண்டும். கரண்ட் கம்பியிலிருந்து நேரடியாகக் கொக்கி போடும் வேலியை நினைத்தே பார்க்கக் கூடாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் இறந்தன, இரண்டு குட்டிகள் அநாதையாக நின்றன, விவசாயி கைதானார். அந்த வேலியில் நாளை சொந்தப் பிள்ளையும் சிக்கலாம். அவுட்டுக்காய் வைப்பதும் அப்படித்தான்.

பெயர் மாற்றம் வேண்டுமா?

இத்தனைக்குப் பிறகும் உரிமம் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. ஆயுத விதிகள் 2016-ல் வாரிசுக்கு உரிமம் வழங்க இடமுண்டு. மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அப்பாவின் உரிமப் புத்தகம் திருநெல்வேலி ஆட்சியர் கொடுத்ததாக இருக்கலாம். 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டதால் இனி தென்காசி ஆட்சியர் அலுவலகம்தான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், நில ஆவணம், மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று ஆகியவை கேட்கப்படும். போலீஸ் விசாரணை நடக்கும். வீட்டில் பூட்டிப் பத்திரமாக வைக்க இடம் காட்ட வேண்டும். உரிமம் கிடைத்தால் 5 ஆண்டுக்குச் செல்லும்.

மலையடிவாரத்துக்காரர்களுக்கு இன்னொரு படி கூடுதல். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய துப்பாக்கி உரிமம் கொடுக்க, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். இந்த மலைத்தொடரில் 2015-ல் நெல்லை வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதனால் கோப்பு வனத்துறைக்கும் போய் வர வேண்டியிருக்கும். இவ்வளவும் முடிந்து உரிமம் வந்தாலும், அதைக் கோயிலுக்கு எடுத்துப் போக முடியாது, பன்றியைச் சுடவும் முடியாது என்பதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பது நல்லது. அந்தச் செலவில் நல்ல பரணும், வேலியும், இரண்டு ஜோடி பூட்ஸும் வாங்கிவிடலாம்.

அப்பாவின் நினைவாக வைத்துக்கொள்ள நினைத்தால் அது புரிகிறது. அவர் அதை ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒப்படைத்து, ரசீதைப் பத்திரப்படுத்தி, ஒழுங்காக வைத்திருந்தவர். அவர் பெயருக்கு ஒரு வழக்கு வராமல் பார்த்துக்கொள்வதே மகன் செய்யும் மரியாதை. இந்த வாரமே காவல் நிலையத்துக்குப் போய் வந்துவிட்டால், ஆடி அமாவாசைக்கு அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சோதனைச் சாவடியில் பயமில்லாமல் பையைத் திறந்து காட்டலாம். பையில் டார்ச் லைட்டும் கொசுவலையும் இருக்கட்டும்.